யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?

மூணு வருஷம் எங்க சபையில ட்ரஷரரா இருந்தேன், போன மாசத்தோட முடிஞ்சுது. லெட்ஜர், ரசீது புக்கு, பேங்க் பாஸ்புக்கு, காணிக்கைப் பெட்டி சாவி எல்லாத்தையும் புதுசா வந்தவங்க கையில குடுத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பைபிள்ல 1 சாமுவேல் 12ஆம் அதிகாரத்த திறந்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயசுல இருந்து படிச்ச அதிகாரம்தான், ஆனா கணக்கு பார்த்த கையோட படிக்கும்போது அது வேற மாதிரி இருக்கு, அதத்தான் இங்க எழுதப் போறேன், கொஞ்சம் நீளமா போகும்.

இஸ்ரவேல் ஜனங்கள அதுவரைக்கும் நடத்தின தீர்க்கதரிசி சாமுவேல் அப்ப கிழவர். நான் கிழவனும் நரைத்தவனுமானேன்னு அவரே சொல்றார். ஜனங்க ராஜா வேணும்னு கேட்டு வாங்கியாச்சு, சவுல் வந்தாச்சு, இவரோட காலம் முடியுது. நம்ம ஊர்ல ஒரு பாஸ்டர் ரிட்டயர் ஆனா வழியனுப்பு விழாவுல என்ன பேசுவோம், எத்தனை ஆலயம் கட்டினார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் குடுத்தார், காம்பவுண்டு சுவர் எழுப்பினது, கோபுரத்துக்கு லைட் போட்டது, இதெல்லாம்தான் வரும். சாமுவேல் ஜனங்க முன்னாடி நின்னு முதல்ல கேட்டது மாட்டைப் பத்தி. "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?" அப்புறம் யாருக்கு அநியாயம் செஞ்சேன், யார் கையில பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கிட்டு கண்ண மூடிக்கிட்டேன், சொல்லுங்க, அப்படி ஏதாவது இருந்தா திருப்பிக் குடுத்துர்றேன்னு கேக்குறார். அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ வந்தா அன்னைக்கு கோதுமை அறுப்பின் நாள்னு இருக்கு. அறுப்பு நேரத்துல ஒரு குடும்பத்துக்கு எருது இல்லன்னா என்ன ஆகும், போரடிக்க என்ன பண்ணுவாங்க? ஊழியத்துக்கு வேணும்னு ஒரு தீர்க்கதரிசி கேட்டா யார்தான் இல்லைன்னு சொல்லிருப்பாங்க, பயத்துலயாவது ஓட்டி விட்டிருப்பாங்க. அதனாலதான் அந்தக் கேள்வி அவ்வளவு பெருசா எனக்குத் தெரியுது.

மோசேயும் இதே வார்த்தைதான் சொல்றார். அவர் தலைமைய எதிர்த்து கோராகு கூட்டம் எழும்பி தாத்தானும் அபிராமும் கூப்பிட்டு அனுப்பியும் வரமாட்டோம்னு சொன்னப்ப, மோசே கர்த்தர்கிட்ட அவங்களோட ஒரு கழுதையக்கூட நான் எடுக்கலன்னு சொல்றார் (எண்ணாகமம் 16). செங்கடலைப் பிளந்ததோ சீனாய் மலையில 40 நாள் இருந்ததோ அங்க அவர் வாயில வரல. ஒரு கழுதை கணக்கு வருது.

சபைகள்ல தலைமைத்துவ கருத்தரங்கு நிறைய நடக்குது, நானும் போயிருக்கேன். எல்லாத்துலயும் யாத்திராகமம் 18 கண்டிப்பா இருக்கும், மோசேயோட மாமனார் எத்திரோ வந்து நீ ஒருத்தனே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நியாயம் விசாரிச்சா தொய்ந்து போவே, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்து பேருக்குன்னு ஆள் போடுன்னு சொன்னது. வேலையப் பகிர்ந்து குடுக்கிறதுக்கு அத விட நல்ல பாடம் கிடையாதுதான். ஆனா எப்படிப்பட்ட ஆளைப் போடணும்னு எத்திரோ சொன்னத மட்டும் சட்டுனு தாண்டிப் போயிருவாங்க. தேவனுக்குப் பயந்தவங்க, உண்மையுள்ளவங்க, "பொருளாசையை வெறுக்கிறவர்கள்". பணத்து மேல ஆசை இல்லாம இருந்தா பத்தாது போல, அத வெறுக்கணுமாம். நம்ம சபைத் தேர்தல்ல ஓட்டுப் போடும்போது இந்த வசனத்த யாராவது நினைச்சுப் பாக்குறோமா, அந்தத் தெரு ஆளு இந்தத் தெரு ஆளுன்னுதான பாக்குறோம், இத எழுதும்போதே மனசு கஷ்டமா இருக்கு.

எடுக்கிறது எப்படி ஆரம்பிக்கும்னு தெரியணும்னா 1 சாமுவேல் 2 படிங்க. ஏலியோட பசங்க ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள், அதாவது ஜனங்களோட பலிய கர்த்தருக்கு செலுத்துறவங்க. ஜனங்க பலி செலுத்தி கறி வேகும்போது ஆசாரியனோட வேலைக்காரன் மூணு கூர் இருக்கிற ஒரு முள்ளுக்கரண்டி மாதிரி ஆயுதத்தோட வருவான், கொப்பரையோ சட்டியோ எதுவா இருந்தாலும் உள்ள குத்துவான், எவ்வளவு மாட்டுதோ அவ்வளவும் ஆசாரியனுக்கு. அடுத்து கொழுப்ப எரிக்கிறதுக்கு முன்னாடியே பச்சைக் கறியா குடுன்னு கேப்பான். இருங்க, முதல்ல கொழுப்ப கர்த்தருக்கு எரிச்சுரலாம், அப்புறம் வேணுங்கிறத எடுத்துக்கோங்கன்னு அந்தப் பாவப்பட்ட மனுஷன் சொன்னா, இப்பவே குடு, இல்லன்னா பலவந்தமா எடுப்பேன்னு பதில் வரும். பலி கொண்டு வந்தவனுக்குத்தான் அங்க தேவபயம் இருக்கு, ஆசாரியன் வீட்டு ஆளுக்கு இல்ல. இதனால ஜனங்க கர்த்தரோட காணிக்கையவே வெறுக்கிற மாதிரி ஆகிப் போச்சுன்னு வேதம் சொல்லுது. காணிக்கை குறையுது, வாலிபப் பசங்க கோயிலுக்கு வர மாட்டேங்கிறாங்கன்னு கமிட்டியில புலம்பும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரண்டிதான் கண்ணு முன்னாடி வரும்.

அந்த வீட்டுலதான் சாமுவேல் சின்னப் பையனா வளர்ந்தார், அத மறந்துரக் கூடாது. கரண்டி சட்டிக்குள்ள போறத பார்த்து வளர்ந்த பையன், வயசான பிறகு ஜனங்க முன்னாடி கைய நீட்டி காட்டுறார். ஆனா இன்னொன்னும் இருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும். சாமுவேலோட பசங்க யோவேலும் அபியாவும் பெயெர்செபாவுல நியாயாதிபதிகளா இருந்து பரிதானம் வாங்கினாங்க, அவங்கள அந்த இடத்துல வச்சது சாமுவேல்தான். அவங்க நடத்தையைக் காரணம் காட்டித்தான் ஜனங்க ராஜாவே கேட்டாங்க. 12ஆம் அதிகாரத்துல என் பிள்ளைங்க உங்ககூட இருக்காங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு தன்னைப் பத்தின கேள்விக்குப் போயிர்றார். அவர் கை சுத்தம்னு ஜனங்களும் சாட்சி சொல்றாங்க, பிள்ளைங்களப் பத்தி யாரும் வாயத் திறக்கல. அப்பா கட்டின ஊழியத்த மகன் கையில அப்படியே குடுக்குற வழக்கம் இன்னைக்கும் இருக்கு, சாமுவேல் மாதிரி ஒரு மனுஷனுக்கே அது சரியா வரலங்கிறத ஏன் யாரும் பிரசங்கம் பண்றதில்லன்னு நான் யோசிச்சிருக்கேன்.

எங்க பாட்டிய பத்தி சொல்லாம இத எழுத முடியாது. பாட்டி வீடு திருநெல்வேலிப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்துல ஒரு சின்ன ஊரு, சுத்தி பனை. அடுப்படியில உப்பு மரவை பக்கத்துல ஒரு சின்ன மண்பானை இருக்கும், பிடி அரிசிப் பானை. உலை கொதிச்சதும் பாட்டி நாழில அரிசிய அளப்பா, அளந்தத சுளகுல கொட்டி கல்லு பொறுக்கிட்டு, அதுல இருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில போட்டுட்டுத்தான் மீதிய களைவா. ஒரு நாள் நான் அரிசி மூட்டையில இருந்து எடுத்துப் போட்டா என்ன பாட்டின்னு கேட்டேன். "ஏட்டி, மூட்டையில இருந்து எடுத்தா அது யாருக்கும் குறையாது. நம்ம சாப்பாட்டுல இருந்து எடுக்கணும், அப்பதான் காணிக்கை"ன்னா. ஆறு பிள்ளைங்க அந்த வீட்டுல, தாத்தா பனையேறி. அந்தப் பிடி யாரோ ஒருத்தர் தட்டுல குறைஞ்சிருக்கும், பெரும்பாலும் அது பாட்டி தட்டாத்தான் இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை ஓலைக் கொட்டான்ல கட்டி கோயிலுக்குக் கொண்டு போவா, எல்லா வீட்டு அரிசியும் ஒண்ணா ஏலத்துக்கு வரும், பச்சரிசி புழுங்கலரிசி சம்பா குருணை எல்லாம் கலந்து இருக்கும்.

அந்த ஊர் உபதேசியார் அப்ப கோயிலை ஒட்டி ஒரே ஒரு அறை இருக்கிற வீட்டுல குடும்பத்தோட இருந்தார். மணி அடிக்கிறதுல இருந்து கல்லறையில ஜெபிக்கிறது வரைக்கும் எல்லாம் அவர்தான். ஆராதனை முடிஞ்சு பாயில காணிக்கையக் கொட்டி எண்ணும்போது மட்டும் அவர் வெளிய வேப்பமரத்தடிக்குப் போயிருவார். ரெண்டு பேர் எண்ணுங்க, மூணாவது ஆளு எழுதட்டும், எழுதி முடிச்சதும் கூப்பிடுங்க நான் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லுவார். அவருக்கு வேதாகமக் கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. பல வருஷம் கழிச்சு 2 கொரிந்தியர் 8 படிக்கும்போதுதான் அவர் எங்க இருந்து அத எடுத்தார்னு எனக்குப் புரிஞ்சுது.

அந்த அதிகாரத்துல அப்போஸ்தலன் பவுல் எருசலேம்ல கஷ்டப்படுற பரிசுத்தவான்களுக்காக, அதாவது அங்க உள்ள விசுவாசிகளுக்காக, காணிக்கை சேக்குறார். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்துல இருந்தும் அள்ளிக் குடுத்திருக்காங்க, எங்க பாட்டியோட பிடி அரிசி மாதிரிதான். அந்தப் பணத்த கொண்டு போக பவுல் தனியா கிளம்பல. தீத்து, கூட சபைகளே தெரிஞ்செடுத்த ஒரு சகோதரன், அதுக்கும் மேல இன்னொரு சகோதரன். இவ்வளவு பெரிய தர்மப் பணத்த கையாளும்போது யாரும் நம்மள குத்தம் சொல்லிரக் கூடாதுன்னு காரணமும் எழுதுறார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்." தேவனுக்குத் தெரியும், நான் மனுஷனுக்குக் கணக்கு சொல்லத் தேவையில்லைன்னு பேசுற ஒவ்வொருத்தருக்கும் இந்த ஒரு வசனம் போதும், அப்போஸ்தலனே சொல்லியிருக்கார். மூணாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட பவுலுக்கே கூட ரெண்டு சாட்சி தேவைப்பட்டுச்சு.

நான் ட்ரஷரரா இருந்த ரெண்டாவது வருஷம் ஒரு வவுச்சர் வந்துச்சு. வெளியூர்ப் பயணம், விருந்தினர் செலவுன்னு போட்டு ஒரு தொகை, பில் ஒண்ணுகூட இல்ல. தேதி கேட்டேன், அதுவும் இல்ல. பில் இல்லாம என்னால எழுத முடியாதுங்க, கமிட்டியில வச்சு பாஸ் பண்ணிக்கலாம்னு சொன்னேன், மரியாதையாத்தான் சொன்னேன். எதிர்ல இருந்தவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மிரியாம் கதை தெரியும்ல? ஊழியக்காரருக்கு விரோதமா பேசினா என்ன ஆச்சுன்னு போய் படிங்க"ன்னார். நான் ஒரு பொம்பளங்கிறதால மிரியாம் பேர் வந்துச்சோ என்னவோ. அது யாருன்னு எழுத மாட்டேன், எழுதுறதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு உண்மையிலயே பயமா இருந்துச்சு, கைகால் நடுங்குச்சு, கர்த்தரோட ஊழியத்துக்கு எதிரா நின்னுட்டேனோன்னு அழுதேன்.

அப்புறம் அவர் சொன்ன மாதிரியே போய் படிச்சேன், எண்ணாகமம் 12 முழுசா. மோசேயோட கூடப்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமா பேசினாங்க, அவளுக்குக் குஷ்டம் வந்துச்சு, அதெல்லாம் இருக்கு. ஆனா அந்த அதிகாரம் முழுக்க மோசே தனக்காக ஒரு வார்த்தை பேசல. பூமியில உள்ள எல்லா மனுஷனையும் விட மிகுந்த சாந்தகுணம் உள்ளவனா இருந்தான்னு அங்கதான் எழுதியிருக்கு. அவர் வாயத் திறந்த ஒரே இடம், "என் தேவனே, அவளைக் குணமாக்கும்"னு கெஞ்சுற இடம். ஏழு நாள் அவ பாளயத்துக்கு வெளிய இருந்தா, அவ திரும்பி வர்ற வரைக்கும் ஜனம் பயணப்படாம காத்திருந்துச்சு. அந்தக் கதைய வச்சு ஒருத்தர மிரட்டணும்னா அதுல மோசே பேசினத மட்டும் விட்டுட்டுத்தான் மிரட்ட முடியும். இன்னொன்னு, மிரியாம் மோசேகிட்ட பில் கேக்கல. கேட்டிருந்தா ஒரு கழுதையக்கூட எடுக்கலன்னு மோசே நிம்மதியா பதில் சொல்லிருப்பார்.

அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதேங்கிற வார்த்தையும் இப்படித்தான். தாவீது தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜா மேல கை போட மாட்டேன்னு சொன்னது உண்மை, கொல்ல மாட்டேன்னு அர்த்தம். ஆனா குகையில இருந்து வெளிய வந்து, சவுலோட சால்வையில இருந்து அறுத்த துண்ட கையில பிடிச்சுக்கிட்டு, ராஜாவே நீர் செய்யுறது அநியாயம்னு எல்லாரும் கேக்க நியாயம் பேசினார். அதே தாவீது ராஜாவானதும் இன்னொருத்தன் மனைவிய எடுத்துக்கிட்டப்ப, ஏழையோட ஒத்த ஆட்டுக்குட்டிய எடுத்த பணக்காரன் கதைய தீர்க்கதரிசி நாத்தான் வந்து சொல்லி, "நீயே அந்த மனுஷன்"னு முகத்துக்கு நேரா சொன்னான். தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்தான். அவர் நாத்தானை சிறையில போடல, நான் பாவம் செய்தேன்னார்.

நெகேமியாவப் பத்தி ஒரு விஷயம், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 12 வருஷம் யூதாவுக்கு அதிபதியா இருந்தார், அதிபதிக்குன்னு ஒரு படி, அதாவது அலவன்ஸ், உண்டு, சட்டப்படி உரிமை. முன்னாடி இருந்தவங்க அப்பமும் திராட்சரசமும் வாங்கி அதுக்கு மேல 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினாங்க, அவங்க வேலைக்காரங்ககூட ஜனங்கமேல அதிகாரம் பண்ணாங்க. இவர் பந்தியிலயோ தினம் 150 பேர் சாப்பிட்டாங்க, ஒரு காளை, ஆறு நல்ல ஆடு, பறவைகள்னு செலவு இருக்கு. இருந்தும் படி வாங்கல. அதுக்கு அவர் சொல்ற காரணம் ரெண்டே ரெண்டு, தேவனுக்குப் பயந்தேன், அந்த ஜனங்க மேல ஏற்கனவே பாரம் அதிகமா இருந்துச்சு. பயணப்படின்னு நாம வவுச்சர்ல எழுதுற அதே வார்த்தைதான் தமிழ் வேதாகமத்துலயும் இருக்கு, படி.

இத வச்சு ஊழியக்காரருக்கு சம்பளம் குடுக்க வேண்டாம்னு யாராவது கிளம்பினா நான் சண்டைக்கு வருவேன். போரடிக்கிற மாட்ட வாயக் கட்டாதேன்னும் பவுல்தான் எழுதுறார், சுவிசேஷம் சொல்றவங்களுக்கு அதனால பிழைப்பு வேணும்கிறதும் அவர்தான். கிராமத்துல சபை ஊழியரா இருக்கிறவங்க எத்தனையோ பேர் பிள்ளைங்க ஃபீஸ் கட்ட கடன் வாங்குறத நான் பார்த்திருக்கேன், அது சபையோட பாவம். பவுல் தன்னோட உரிமைய தானா விட்டார், கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோட கூடாரம் தச்சார். எபேசு சபை மூப்பர்கள மிலேத்துங்கிற ஊருக்கு வரச் சொல்லி கடைசியா பேசும்போது, மூணு வருஷம் உங்களோட இருந்தேன், ஒருத்தரோட வெள்ளிக்கோ பொன்னுக்கோ துணிக்கோ ஆசைப்படலன்னு சொல்லிட்டு, "இந்தக் கைகளே"ன்னு கையக் காட்டுறார். கூடாரத்துணி தச்சு காய்ச்சுப் போன கையா இருந்திருக்கும். சாமுவேல் பேச்சும் இதுவும் ஒரே பேச்சுதான், நடுவுல ஆயிரம் வருஷம் இருக்கு. அவங்க எல்லாரும் அவர் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதாங்க.

எங்க திருநெல்வேலி மண்ணுலயும் அப்படி ஒருத்தர் இருந்தார், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ல வெள்ளாளன்விளையில பிறந்தவர், அப்பா அந்த ஊர்ல குருவானவர். 1903ல இந்தியப் பணத்துலயும் இந்திய ஆட்களாலயும் நடக்கணும்னு திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒய்.எம்.சி.ஏ.வில நாடு முழுக்க சுத்துற செயலாளர் வேலையில இருந்தவர், அத விட்டுட்டு 1909ல குருப்பட்டம் வாங்கி டோர்னக்கல்னு அன்னைக்கு நிஜாம் ராஜ்யத்துல இருந்த சின்ன ஊருக்குப் போனார், தெலுங்கு கத்துக்கிட்டார். 1910ல எடின்பரோ மிஷனரி மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னாடி நின்னு, ஏழைகளுக்கு உங்க பொருள குடுத்தீங்க, உங்க சரீரத்தையே குடுத்தீங்க, எங்களுக்கு அன்பும் வேணும், நண்பர்களைக் குடுங்கன்னு கேட்டார். 1912 டிசம்பர் 29 கல்கத்தாவுல பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர், 1945 ஜனவரி 1ல சாகுற வரைக்கும் டோர்னக்கல் பேராயராவே இருந்தார். பரம ஏழைகளா இருந்த கிராம சபைகளையும் காணிக்கை குடுக்கப் பழக்கினவர் அவர். ஏழை குடுக்கிற காசுல நிக்கிற சபைக்கு தலைவரா இருக்கிறவர் ராத்திரி எவ்வளவு யோசிக்கணும்னு எனக்கு அந்தப் பிடி அரிசிப் பானையைப் பார்த்து வளர்ந்ததால தெரியும்.

ட்ரஷரரா இருந்தப்ப என்னை ரொம்ப உறுத்தின வசனம் யோவான் 12:6. இயேசுவோட சீஷர்கள் பன்னிரண்டு பேர்ல பணப்பை யார்கிட்ட இருந்துச்சுன்னு அங்க இருக்கு. யூதாஸ்கிட்ட. ஞாயித்துக்கிழமை மதியம் ரூம்ல உட்கார்ந்து நாலா மடிச்ச பத்து ரூபா நோட்ட ஒவ்வொண்ணா விரிச்சு அடுக்கும்போது, சில நோட்டுல மஞ்சள் வாசனை அடிக்கும், சிலதுல மீன் வாசனை, அப்பல்லாம் இந்த வசனம் ஞாபகம் வரும், கூட எண்ணுறவங்க வர்ற வரைக்கும் பெட்டியத் திறக்கவே மாட்டேன். அடுத்த அதிகாரத்துல பிதா எல்லாத்தையும் தம் கையில ஒப்புக்குடுத்தார்னு அறிஞ்சவரா இயேசு பந்திய விட்டு எழுந்திருக்கிறார், அந்தக் கையால சீலைய எடுத்துக் கட்டிக்கிட்டு தண்ணி ஊத்துறார். பணப்பையில இருந்து எடுத்தவனோட காலும் அன்னைக்கு அந்தக் கையாலதான் கழுவப்பட்டுச்சு. இத நான் எத்தனை தடவை படிச்சாலும் அதுக்கு மேல ஒண்ணும் பேச வரல.

கடைசி வருடாந்திரக் கூட்டத்துல கணக்கு வாசிச்சு முடிச்சேன். ஏதாவது கேள்வி இருக்கான்னு தலைவர் கேட்டார், வழக்கமா அந்த நேரத்துல எல்லாரும் எந்திரிக்க ரெடியாயிருவாங்க, அசனச் சாப்பாட்டு வாசனை வேற வந்துருச்சு. பின்னாடி பெண்கள் பக்கத்துல இருந்து ஒரு வயசான அம்மா கையத் தூக்குனாங்க. "ஏ டீச்சரு, நவம்பர்ல நாங்க பிடி அரிசி கொண்டாந்தோம்லா, அது ஏலம் போன காசு எங்க எழுதிருக்கு?" சில பேர் சிரிச்சாங்க. நான் லெட்ஜர எடுத்துக்கிட்டு மேடையில இருந்து இறங்கி அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்தேன். நவம்பர் பக்கத்த திருப்பி, வரவுல ஒன்பதாவது வரி, பிடி அரிசி ஏலம், 340 ரூபா, பக்கத்துலயே ரசீது நம்பர். அவங்க முந்தானையில கண்ணாடியத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, வரி மேல விரல வச்சு எழுத்துக் கூட்டி வாசிச்சாங்க. "ஆமா, 340தான், நானும் நின்னு பாத்தேன்"ன்னு சொல்லிட்டு லெட்ஜர மூடி என் கையில குடுத்தாங்க.